கிராம சபை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தானா? மக்கள் இறையாண்மை பற்றி ஒரு விவாதம்

கடைமடை:

டெல்டாவில் எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய் என்று எது வந்தாலும் முதலில் கிராம சபைத் தீர்மானம்தான். ஊரே கூடி "வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. பிறகு அதிகாரிகள் "அது உங்கள் கருத்து, யாரையும் கட்டுப்படுத்தாது" என்கிறார்கள். அரசமைப்பின் முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. இறையாண்மை, அதாவது இறுதி அதிகாரம், மக்களிடம் இருக்கிறதென்றால், நேரில் கூடிய மக்கள் எடுத்த முடிவு நிற்காமல் ஓர் அதிகாரியின் உத்தரவு நிற்பது எப்படி? கோட்பாடு படித்தவர்கள் கோட்பாட்டையும், சட்டம் தெரிந்தவர்கள் சட்டத்தையும் சொல்லுங்கள். "ஜனநாயகம்னா அப்படித்தான்" என்று முடித்துவிட வேண்டாம்.

வெண்ணாறு:

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதிகாரம் யாருடையது? அதை நடத்துவது யார்? இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதென், 1576ல். அதிகாரிகளிடம் எவ்வளவு ஒப்படைத்தாலும், திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை யாரிடம் நிற்கிறதோ அவரே இறையாண்மை உடையவர் என்றார். அவர் மனத்தில் இருந்தது பிரெஞ்சு மன்னர். 1762ல் ரூசோ அந்த இடத்தில் மக்களை வைத்தார்.

ரூசோ என்றதும் "மக்கள் கூடிச் சொன்னால் எதுவும் நடக்கணும்" என்று சொன்னவராகத்தான் பலர் நினைக்கிறார்கள். அவருடைய சமுதாய ஒப்பந்த நூலில் இரண்டாம் பகுதி, நான்காம், ஆறாம் அத்தியாயங்களைப் பாருங்கள். பொது விருப்பம் எல்லோரிடமிருந்தும் வர வேண்டும், எல்லோருக்கும் பொருந்தவும் வேண்டும் என்கிறார். ஒரு குறிப்பிட்ட ஆளை, ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பற்றிய முடிவு இறையாண்மைச் செயலே ஆகாது; அது அரசாங்கத்தின் வேலை. அப்படிப் பார்த்தால் "இந்த சர்வே எண்ணில் கிணறு தோண்டலாமா" என்பதற்கு ஊர் முழுக்கக் கூடிப் பதில் சொன்னாலும் அது நிர்வாக முடிவுதான். "விளைநிலத்தில் எண்ணெய் எடுக்கலாமா, கூடாதா" என்பது பொது விதி. அந்தக் கேள்விதான் இறையாண்மையைத் தொடுகிறது.

அடுத்தது பிரெஞ்சுப் புரட்சிக் காலச் சிந்தனையாளர் சியேஸ். 1789 ஜனவரியில் வெளியிட்ட துண்டுநூலில் ஆக்கும் அதிகாரத்தையும் ஆக்கப்பட்ட அதிகாரத்தையும் பிரித்தார். அரசமைப்பை உண்டாக்குகிற சக்தி மக்களிடம் இருக்கிறது. அந்த அரசமைப்பால் உண்டான நாடாளுமன்றம், நீதிமன்றம், ஊராட்சி எல்லாமே ஆக்கப்பட்டவை. தனக்குக் கொடுத்த வரம்பைத் தாண்ட எதற்கும் உரிமை இல்லை. கிராம சபையில் உட்காரும் 200 பேரும் மக்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கே அவர்கள் அரசமைப்பு உண்டாக்கிய ஓர் அமைப்பின் உறுப்பினர்களாகக் கூடுகிறார்கள்.

மன்னை செல்வி:

வெண்ணாறு தோழர், இது ஆட்சியில் இருப்பவர்களுக்கு ரொம்ப வசதியான விளக்கம். மக்கள் ஒருமுறை அரசமைப்பை உண்டாக்கிவிட்டார்கள், இனி எல்லாமே "ஆக்கப்பட்டது", மக்கள் வீட்டுக்குப் போகலாம் என்றாகிறது. அதே ரூசோ மூன்றாம் பகுதி பதினைந்தாம் அத்தியாயத்தில் ஆங்கிலேயரைப் பற்றி என்ன சொல்கிறார்? நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டும் அவர்கள் சுதந்திரர்கள், தேர்தல் முடிந்ததும் அடிமைகள் என்கிறார். இறையாண்மையைப் பிரதிநிதியிடம் கொடுக்க முடியாது என்பது அவருடைய அடிப்படை. அந்தப் பாதியை விட்டுவிட்டு ரூசோவைச் சொல்லக்கூடாது.

வெண்ணாறு:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். தூங்கப்போன மக்கள் மறுபடி எப்படி விழிப்பது என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் முடிச்சு. ஆங்கிலச் சிந்தனையாளர் ஹாப்ஸில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் கிராம சபைச் சட்டத்தை யாராவது சொல்லட்டும்.

அரசலாறு:

ஊராட்சிகளை அரசமைப்புக்குள் கொண்டுவந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது. 243ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு கிராம சபை என்றால் என்ன என்று சொல்கிறது: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும். 243-ஏ பிரிவு அதற்கு என்ன அதிகாரம் என்று சொல்லும் என எதிர்பார்ப்போம். சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு எதைக் கொடுக்கிறதோ அதைச் செய்யலாம் என்கிறது, அவ்வளவுதான். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கொடுத்திருப்பவை: ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல், தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடக்கும் வேலைகளைக் கண்காணிப்பது. எண்ணெய் வயல் இந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. எண்ணெய் வயல்கள் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் இனம். மாநிலத்திடமே இல்லாததை மாநிலம் ஊராட்சிக்குக் கொடுக்க முடியாது.

அதனால் தீர்மானமே வீண் என்று சொல்ல வரவில்லை. கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் 2017ல் நடந்த போராட்டங்களும், ஊர் ஊராக எழுந்த எதிர்ப்பும் 2020 பிப்ரவரியில் ஒரு சட்டமாயின. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் (மயிலாடுதுறை அப்போது நாகையோடுதான் இருந்தது) கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதற்குள் வருகின்றன. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் துரப்பணம் கூடாது. எண்ணெய் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் மாநிலம் வேளாண்மையைப் பிடித்துக்கொண்டு சட்டம் போட்டது. வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம். குறை என்னவென்றால், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை அந்தச் சட்டம் தொடவில்லை.

வெண்ணாறு சார் சொன்ன பிரிப்பு இங்கே அப்படியே தெரிகிறது. ஒரு கிணற்றைப் பற்றிய தீர்மானம் நிற்கவில்லை, விளைநிலம் முழுவதற்குமான விதி நின்றது.

புது ஆறு:

ஒடிசாவில் நியம்கிரி மலையில் கிராம சபைகள் மறுத்து பாக்சைட் சுரங்கமே நின்றதே? அங்கே கட்டுப்படுத்தியது, இங்கே ஏன் கட்டுப்படுத்தாது?

அரசலாறு:

அங்கே கிராம சபைக்கு அந்த அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கொடுத்திருந்தது. 2013 ஏப்ரல் 18ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் விஷயத்தைக் கிராம சபைகளுக்கு அனுப்பியது. 12 சபைகள் கூடின, 12ம் மறுத்தன. 2014 ஜனவரியில் ஒன்றிய அமைச்சகம் அனுமதி மறுத்தது. டெல்டாவின் விளைநிலம் வனமும் இல்லை, ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியும் இல்லை. காவிரிக் கழனிக்கு அப்படி ஒரு சட்டம் எழுதப்படவில்லை. எழுதக்கூடாது என்று அரசமைப்பு எங்கேயும் சொல்லவில்லை.

இப்போது நடைமுறை. ஊர்களில் திரும்பத் திரும்ப நேர்கிற தவறுகள் இவை.

குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின்படி முதல் அறிவிக்கை வரும். அது வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், நிலத்தில் உரிமை உள்ளவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். கொடுத்தவரைத்தான் தகுதி பெற்ற அதிகாரி விசாரித்தாக வேண்டும். பல ஊர்களில் "கிராம சபையில் தீர்மானம் போட்டாச்சே" என்று இருந்துவிடுகிறார்கள், 21 நாள் ஓடிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அந்த ஊரில் ஆட்சேபமே இல்லை. குத்தகைதாரரும் ஆட்சேபம் கொடுக்கலாம். பட்டாதாரர் வெளியூரில் இருந்தால் நிலத்தில் நிற்கும் குத்தகைதாரர் கொடுப்பது மிக முக்கியம்.

சுற்றுச்சூழல் பொது விசாரணை என்றால் 2006 அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆனால் எண்ணெய், எரிவாயுத் துரப்பண ஆய்வுக்குப் பொது விசாரணையே வேண்டாம் என்று 2020 ஜனவரி 16ல் திருத்திவிட்டார்கள். மக்கள் பேசும் இடம் ஒன்று ஓர் அறிவிக்கையால் மூடப்பட்டது. என்னைக் கேட்டால், கிராம சபைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பதைவிட இதுதான் பெரிய இழப்பு.

கடைமடை:

தீர்மானத்தையே சரியாகப் போடுவது எப்படி என்றும் சொல்லுங்கள். "தீர்மானமே செல்லாது, கோரம் இல்லை" என்று தள்ளுவதும் நடக்கிறது.

அரசலாறு:

கோரம் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கிராம சபை கூடும் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாள்களோடு 2022 முதல் மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்ந்தன. கூட்டத்துக்கு முன்பே பொருளை எழுத்தில் தலைவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போகிற இடம் தீர்மானப் புத்தகம்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அது வருகைப் பதிவு என்று சொல்லப்படும். மேலே தலைப்பு இருக்காது, தேதி இருக்காது, பக்க எண் இருக்காது. கூட்டம் முடிந்தபின் தீர்மானம் வேறொரு தாளில் எழுதப்பட்டு அந்தக் கையெழுத்துகளுக்கு முன்னால் ஒட்டப்படும். ஊர் சொன்னதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. தீர்மானத்தை அங்கேயே பக்க எண் போட்ட புத்தகத்தில் எழுதி, உரக்க வாசித்து, கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கையெழுத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வாசகமும் முக்கியம். "இத்திட்டத்தை இச்சபை ரத்து செய்கிறது" என்று எழுதினால் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதாகத் தள்ளிவிடலாம். எந்தெந்த சர்வே எண், எந்த வாய்க்கால் குறுக்கே போகிறது, எத்தனை மா நிலம் பாதிக்கும், எந்தச் சட்டத்தின் எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று எழுதி, முடிவெடுக்கும் அதிகாரி யாரோ அவர் பதவியைச் சொல்லி அனுப்புங்கள். அப்படிப் போன தீர்மானம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும். சபை எதையும் ரத்து செய்ய முடியாவிட்டாலும், "மக்களைக் கேட்டோம், யாரும் மறுக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாமல் போகும்.

சோழமண்டலம்:

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டு ஆட்சி நடத்திய நாடு இது. மக்கள் இறையாண்மையை ரூசோவிடம் போய்ப் படிக்க வேண்டுமா?

வெண்ணாறு:

உத்தரமேரூர் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921. அவற்றின் நுட்பம் மலைக்க வைப்பது. 30 குடும்புகள் (இன்றைய வார்டு போல), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, எதையும் அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்கவே கூடாது. இன்றைய ஊராட்சிச் சட்டத்துக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஆனால் நிற்கத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், அதாவது நம் கணக்கில் ஐந்து மாவுக்கு மேல். சொந்த மனையில் வீடு. வயது 35 முதல் 70 வரை. வேதம் ஓதியிருக்க வேண்டும். அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின், சபை. உழுதவர்களுக்கு அங்கே இடம் இல்லை, பெண்களுக்கு இல்லை. அதோடு, இந்த விதிகள் அரசன் ஆணைப்படி, அரச அதிகாரி முன்னிலையில் ஏற்படுத்தப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆட்சியை நடத்தின. அதிகாரம் அரசனிடம் இருந்தது. போதென் சொன்ன பிரிப்புக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது. தேர்வு முறை இருந்ததாலேயே அது மக்கள் இறையாண்மை ஆகிவிடாது.

காரைக்கால் வடக்கு:

மக்களைக் கேட்டு இறையாண்மை கைமாறிய இடம் ஒன்று டெல்டாவிலேயே இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. பிரான்சின் 1946 அரசமைப்பு, அங்குள்ள மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. 1958 அரசமைப்பின் 53ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அதனால் 1947ல் பிரிட்டன் செய்தது போல ஒரு நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டும் காரைக்காலை மாற்றிவிட முடியாது.

நடந்தது என்ன? 1954 அக்டோபர் 18ல் புதுச்சேரிக்கு அருகே கீழூரில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும், மொத்தம் 178 பேர். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வந்து சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16ல்தான். எட்டு வருஷம் காரைக்கால் நடைமுறையில் இந்தியா, சட்டத்தில் பிரான்ஸ்.

சந்தர்நாகூரில் 1949ல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். காரைக்காலில் நேரடி வாக்கு இல்லை, பிரதிநிதிகள் வாக்குதான். இறையாண்மையைப் பிரதிநிதியிடம் கொடுக்க முடியாது என்பது ரூசோவின் அடிப்படை என்று செல்வி எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கில் கீழூர் தேறாது. சியேஸ் கணக்கில் தேறும். அவர் பிரதிநிதிகள் வழியாகவே ஆக்கும் அதிகாரத்தைச் செலுத்தலாம் என்றவர்.

அரசலாறு:

காரைக்காலுக்கு நேர் எதிர்ப்பக்கம் தஞ்சாவூர். இரண்டாம் சரபோஜி 1799 ஒப்பந்தத்தில் நாட்டைக் கம்பெனியிடம் விட்டார். கோட்டையும் மரியாதையும் மிஞ்சின. 1855ல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், அதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்து, நகை, நிலம் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சாகேபா சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு வென்றார். 1859ல் இறுதி மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஓர் அரசு இன்னோர் அரசின் இடத்தைக் கைப்பற்றுவது இறையாண்மைச் செயல், அது நியாயமா அநியாயமா என்று எந்த உள்நாட்டு நீதிமன்றமும் கேட்க முடியாது என்றது.

தஞ்சாவூர் வழக்கில் உறுதியான அந்த விதி சுதந்திரத்துக்குப் பிறகும் சாகவில்லை. சமஸ்தானங்கள் இணைந்தபோது பழைய அரசர் கொடுத்த உரிமைகளைக் கேட்டு வந்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1958லும் 1964லும் அதே விதியைத்தான் காட்டியது. 1964 வழக்கில் ஒரே கருத்து இருக்கவில்லை, பெரும்பான்மை அப்படிச் சென்றது. இறையாண்மை மக்களிடம் வந்துவிட்டது என்றால், அதே மக்களுக்கு எதிராக வெற்றிபெற்ற மன்னனின் சலுகையை அரசு எப்படிக் கோரலாம் என்ற கேள்விக்கு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு நிறைவான விடை தரவில்லை என்பதே என் கருத்து.

கச்சத்தீவையும் இங்கே சொல்ல வேண்டும், நாகையிலும் காரைக்காலிலும் இன்றும் எழும் கேள்வி. 1960ல் மேற்கு வங்கத்தின் பெருபாரியைப் பாகிஸ்தானோடு பிரித்துக்கொள்ளும் விஷயத்தில் உச்ச நீதிமன்றம், நாட்டின் பகுதியை விட்டுக்கொடுக்க அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்றது. அதற்காக ஒன்பதாவது திருத்தம் வந்தது. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்துக்குத் திருத்தம் செய்யவில்லை. தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்துக்கொண்டோம், விட்டுக்கொடுக்கவில்லை என்பது ஒன்றிய அரசின் நிலை. எதுவாக இருந்தாலும், அங்குள்ள மக்களின் சம்மதம் என்ற நிபந்தனை பிரெஞ்சு அரசமைப்பில் இருக்கிறது, நம்முடையதில் இல்லை. 3ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றக்கூட அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை.

மன்னை செல்வி:

"இந்திய மக்களாகிய நாம்" என்று எழுதியவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். அரசமைப்பு அவை 1946 டிசம்பர் 9ல் கூடியது. அதன் உறுப்பினர்களை மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டசபைகளுக்கு வாக்களித்தவர்கள் 1935 சட்டப்படி சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது தகுதி உள்ளவர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் மிராசுதார் பெயர் பட்டியலில் இருந்தது. அவர் நிலத்தில் நாற்று நட்டவர் பெயர் இல்லை. எழுதி முடித்தபின் மக்களிடம் வாக்கெடுப்புக்கும் விடவில்லை.

வெண்ணாறு:

உண்மை. மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். 1947 ஜனவரி 22ல் நிறைவேறிய குறிக்கோள் தீர்மானம், எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்து வருகிறது என்றது. அரசமைப்பு 395ஆம் பிரிவில், தன் பிறப்புக்கு வழிவிட்ட பிரிட்டனின் இந்திய சுதந்திரச் சட்டத்தையே ரத்து செய்தது. கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கும் அதை அனுப்பவில்லை. லண்டனிலிருந்து வந்த சங்கிலியை வேண்டுமென்றே அறுத்தார்கள். ஆனால் அறுத்த கை முழு மக்களுடைய கை ஆனது 1951-52 தேர்தலில்தான். பட்டியலில் சுமார் 17 கோடிப் பேர். மக்களின் பெயரால் எழுதினார்கள், மக்கள் அதற்குள் நுழைந்து அதைத் தங்களுடையதாக ஆக்கினார்கள். வரிசை தலைகீழ்தான். பெரும்பாலான நாடுகளில் வரிசை அப்படித்தான் இருந்திருக்கிறது.

மன்னை செல்வி:

நுழைந்தது எப்படி என்பதில்தான் டெல்டாவின் கதை இருக்கிறது. 1952 வாக்குச்சாவடியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். வாக்குச்சீட்டில் முத்திரை எதுவும் குத்த வேண்டியதில்லை; மறைப்புக்குள் போய்த் தனக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையாளும் எஜமானுக்கு எதிராக வாக்களிக்க முடிந்தது அந்த மறைப்பால்தான்.

மறைப்புக்கு வெளியே வந்தால்? அவர் குடிசை மிராசுதார் மனையில் நின்றது. "நாளைக்குக் குடிசையைப் பிரி" என்ற ஒரு சொல் போதும். ரூசோ இதைச் சொல்லியிருக்கிறார், இரண்டாம் பகுதி பதினோராம் அத்தியாயம்: எந்தக் குடிமகனும் இன்னொருவரை வாங்கும் அளவுக்குப் பணக்காரராகவோ, தன்னையே விற்கும் அளவுக்கு ஏழையாகவோ இருக்கக்கூடாது. 1952ன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கிய 1971 குடியிருப்புச் சட்டமும் இந்த ஊரில் மக்கள் இறையாண்மையின் சட்டங்கள். 1971 சட்டத்தை நிலச் சீர்திருத்தம் என்ற அலமாரியில் மட்டும் வைப்பது தவறு. கால் ஊன்ற மனை இல்லாதவர் கிராம சபையில் எழுந்து பேச முடியாது.

புது ஆறு:

காவிரிக்கு வாருங்கள். கர்நாடக மக்களும் மக்கள்தானே? அவர்கள் சட்டமன்றம் "தண்ணீர் விடமாட்டோம்" என்றால் அது மக்கள் இறையாண்மையா?

அரசலாறு:

1991ல் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நடுவர் மன்றம் ஜூன் 25ல் 205 டி.எம்.சி. இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலை 25ல் கர்நாடகம் தன் பாசனத்தைக் காக்க என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நவம்பர் 22ல் நீதிமன்றம் அதை அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றது. காரணம் இரண்டு. அதன் விளைவு மாநில எல்லைக்கு வெளியே போகிறது. ஒரு தரப்பே தன் வழக்கில் தானே நீதிபதியாகிறது.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆறு தேசியச் சொத்து, எந்த மாநிலமும் முழு உரிமை கோர முடியாது. தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., அதில் எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 177.25. முந்தைய 192லிருந்து 14.75 குறைந்தது. அதில் 10, டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால், 4.75 பெங்களூருக்கு. இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை, கடைமடையில் பல இடங்களில் கீழே இருப்பது உப்பு நீர். ஆனால் கொள்கை சரி.

வெண்ணாறு:

கோட்பாட்டில் இதற்குப் பெயர் எல்லைச் சிக்கல். மக்கள் வாக்களித்து முடிவு செய்யலாம். ஆனால் யார் யார் அந்த மக்கள் என்பதை யார் வாக்களித்து முடிவு செய்வது? அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்பவர்கள் யார் என்று முன்பே தெரிய வேண்டும். மாண்டியாவில் எடுத்தால் ஒரு விடை, மன்னார்குடியில் எடுத்தால் வேறு விடை, இரண்டிலும் பெரும்பான்மை இருக்கும். மேட்டூருக்கு மேலே ஒரு மக்கள், கீழே ஒரு மக்கள் என்று ஆற்றை வெட்ட முடியாது. பெரும்பான்மை முடிவு செல்லுபடியாவதற்கு, விளைவை ஏற்பவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். நடுவர் மன்றமும் 262ஆம் பிரிவும் அந்தக் குறையை நிரப்ப வைத்த ஏற்பாடு. இதையே கிராம சபைக்கும் பொருத்துங்கள். ஒரு ஊராட்சி வாய்க்காலை மறித்துத் தீர்மானம் போட்டால் அதற்குக் கீழே இருக்கும் ஊராட்சி என்ன செய்யும்?

கடைமடை:

ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் நீதிபதிகள்தான் நிற்கிறார்கள். 13 பேர் உட்கார்ந்து 7க்கு 6 என்று, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சொல்வது மக்கள் இறையாண்மையா?

வெண்ணாறு:

கேசவானந்த பாரதி வழக்கு, 1973 ஏப்ரல் 24. ஆதரித்து ஒரு வாதம்: ஆக்கும் அதிகாரம் மக்களுடையது, 368ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது திருத்தும் அதிகாரத்தை மட்டும், அடிப்படைக் கட்டமைப்பையே அழித்தால் அது திருத்தம் இல்லை, புது ஆக்கம். எதிர்த்து: அப்படியானால் புதிதாக ஆக்க விரும்பும் மக்கள் எங்கே போவார்கள்? அரசமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு வழியே இல்லை. இரண்டாவது வாதத்துக்கு முழு விடை இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். முதல் வாதத்தின் அவசியம் 1976ல் தெரிந்தது. நெருக்கடி நிலையில், தேர்தல் தள்ளிப்போன நாடாளுமன்றம், தன் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று 42ஆவது திருத்தம் செய்தது. 1980ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அது விழுந்தது.

இங்கேதான் ஹாப்ஸ். 1642ல் எழுதியது, ஏழாம் அத்தியாயம். மக்கள் ஒரு மன்னரைக் காலவரையறையோடு தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைகிறார்கள். இறையாண்மை இன்னும் அவர்களுடையதா? மறுபடி கூடும் நாளையும் இடத்தையும் முன்பே குறித்துவிட்டுக் கலைந்தார்களானால் ஆம். தூங்கும் அரசனிடம் அரசுரிமை இருப்பது போல அவர்களிடம் இருக்கிறது. குறிக்காமல் கலைந்தால் போயிற்று, மன்னரே எல்லாம். மக்கள் ஆட்சியை விரும்பாத ஒருவர் இவ்வளவு கறாராகச் சொல்லியிருக்கிறார்.

மன்னை செல்வி:

அந்த அளவுகோலை உள்ளாட்சிக்கு வையுங்கள். 243-இ பிரிவு: ஐந்து ஆண்டு, முடிவதற்குள் அடுத்த தேர்தல். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை இடஒதுக்கீட்டு அறிவிக்கையில் குறை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று இழுத்து, டெல்டா உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30ல். மூன்று ஆண்டுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சியை நடத்தினார்கள். 2025 ஜனவரி 5ல் அந்தப் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள். கிராம சபை கூடியது, கூட்டியவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை.

காரைக்கால் வடக்கு:

எங்கள் பக்கம் இன்னும் மோசம். புதுச்சேரி மாநிலத்தில் 1968ல் நகராட்சித் தேர்தல், அடுத்தது 2006ல், 38 ஆண்டு கழித்து. 2006ல் வந்தவர்கள் பதவிக்காலம் 2011ல் முடிந்தது, பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. கீழூரில் காரைக்காலின் விதியை முடிவு செய்தவர்களில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். அந்தப் பதவியே காலியாகக் கிடக்கிறது.

கடைமடை:

தேர்தல் தள்ளிப்போனால் ஊர்க்காரர்கள் சட்டப்படி என்ன செய்யலாம்?

அரசலாறு:

2006ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம், வார்டு மறுவரையறை இவற்றைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது, அந்த வேலைகளை முன்கூட்டியே முடிக்க வேண்டும். இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரண நிலைதான் விலக்கு. மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையமே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சொன்னது. எனவே முதல் மனு மாநிலத் தேர்தல் ஆணையருக்கு, 243-இ, 243-கே பிரிவுகளைச் சொல்லி, பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே. மறுவரையறை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தகவல் உரிமை மனு அதே நாளில். பதில் வராவிட்டால் இரண்டின் ஒப்புகையோடும் உயர் நீதிமன்றத்தில் ரிட். பதவிக்காலம் முடிந்தபின் போட்டால் தனி அலுவலர் நியமனம் ஏற்கெனவே சட்டமாகியிருக்கும், வழக்கு அதைச் சுற்றியே ஓடும்.